பிள்ளையின் பயமும் பெற்றோரின் பாட்டும்



பிள்ளைகளுக்கு ஊசியென்றாற் பயம். இது எந்த நாட்டிலும் உள்ளதுதான். ஆனால் அந்தப் பயம் வருகின்ற நேரத்திலே பெற்றோராகிய நாம் என்ன செய்கின்றோம் என்பது சற்றுச் சிந்திக்க வேண்டிய விடயமாகும்.

எமது வீடுகளிலே வழக்கமாக நடப்பவை மூன்று. முதலாவது, வெருட்டுவது. "குழப்படி செய்தால் டொக்டரிட்டைச் சொல்லி ஊசி போடுவிப்பன்" என்று சோறு தீத்தும்போதும் நித்திரையாக்கும்போதும் சொல்லி, வைத்தியரைப் பூச்சாண்டியாக்கி விடுகின்றோம். இரண்டாவது, பொய் சொல்வது. "ஊசி இல்லையடா ராசா, சும்மா பார்க்கத்தான் போறம்" என்று கூட்டிக்கொண்டு போகின்றோம். அங்கே ஊசி வந்ததும், வலியைவிட அம்மா ஏமாற்றிவிட்டாள் என்பதே பிள்ளையின் மனதில் நிற்கின்றது. மூன்றாவது, கைத்தொலைபேசியைக் கையிற் கொடுத்துவிட்டு நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வது. மூன்றிலும் பிள்ளை தன் பயத்தோடு தனியே விடப்படுகின்றது.

பேர்லினிலுள்ள றோபேர்ட் கொக் நிறுவனத்தில் இயங்கும் நிலையான தடுப்பூசிக் குழு, நோவையும் பயத்தையும் குறைத்துத் தடுப்பூசி போடுவது எப்படி என்று 2016ஆம் ஆண்டிலே ஆலோசனைகள் வெளியிட்டது. சிறு குழந்தையைப் பெற்றோர் அணைத்து வைத்திருக்க வேண்டும், பிள்ளையின் கவனத்தை வேறொன்றில் திருப்ப வேண்டும், "கொஞ்சமும் நோகாது" என்று பொய்யாக ஆறுதல் சொல்லக்கூடாது என்பன அவற்றுட் சில. எமது பழக்கத்திற்கும் இந்த ஆலோசனைகளுக்கும் எவ்வளவு தூரம் என்பதை வாசகர்களே அளந்து பார்க்கலாம்.

வெருட்டாமலும் ஏமாற்றாமலும் பிள்ளையின் கவனத்தைத் திருப்புவதற்கு எம்மிடம் ஒரு நல்ல வழி உண்டு. அதற்குக் காசு வேண்டாம், கருவி வேண்டாம், ஜேர்மன் மொழிகூட வேண்டாம். பிள்ளைக்குப் பழக்கமான ஒரு பாட்டை, பிள்ளையின் காதருகே, தாயோ தகப்பனோ பாடுவதுதான் அது. இதனை நாம் வெட்கமின்றிச் செய்ய வேண்டும் என்பதும், அதற்கு எமது சங்கம் உதவ வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

"பாட்டால் நோ குறையுமா?" என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிப்பதற்கு முன்னர் வைத்தியர்கள் கண்டவற்றைக் கேளுங்கள்.

எமக்கு மிக அண்மையில், கொலோனுக்குக் கிழக்கே சவர்லான்ட் மலைப்பகுதியில் லூடென்ஷைட் என்றொரு பட்டினம் இருக்கின்றது. அங்கே ஹெல்லர்சன் என்ற இடத்திலுள்ள விளையாட்டு வைத்தியசாலையிலே றால்ப் ஷ்பின்ட்கே, றோலான்ட் டுறோ என்ற மயக்கமருந்து வைத்தியர்கள் இருவர் 1970களின் பிற்பகுதியிலேயே சத்திரசிகிச்சைக்கு முன்னும் சிகிச்சை நடக்கும்போதும் நோயாளருக்கு இசையைக் கேட்கச்செய்து, பயம் குறைகின்றதா என்று முறையாகக் குறித்து வந்தார்கள். 1982இல் அதே பட்டினத்திலே மருத்துவத்தில் இசைக்கென ஒரு சர்வதேசச் சங்கமும் தொடங்கப்பட்டது. ஆகவே இது எங்கோ தொலைவில் யாரோ சொன்ன புதுமையன்று. நாம் வாழுகின்ற இதே மாநிலத்தில் வளர்ந்த வேலை.

பிள்ளைகளைப் பற்றிக் குறிப்பாகச் சொல்வதானால் கனடாவுக்குப் போகவேண்டும். எட்மன்டன் நகரத்துச் சிறுவர் அவசர சிகிச்சைப் பிரிவிலே, நரம்பில் சேலைன் ஊசி ஏற்ற வேண்டியிருந்த 3 முதல் 11 வயது வரையான 42 பிள்ளைகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினருக்கு மட்டும் ஊசி ஏற்றும்போது இசை ஒலிக்கச் செய்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, இசை கேளாத பிள்ளைகளுக்கு ஊசியின் பின் நோ கூடியது; இசை கேட்ட பிள்ளைகளுக்குக் கூடவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். ஊசி ஏற்றுவது மிக இலகுவாக இருந்தது என்று சொன்ன தாதியர், வைத்தியர் தொகை இசையில்லாத இடத்தில் 38 வீதம். இசையுள்ள இடத்தில் 76 வீதம். பிள்ளை அமைதியாயிருந்தால் கை ஆடாது. கை ஆடாவிட்டால் ஒரே குத்தில் நரம்பு அகப்படும். இரண்டாம் குத்து வேண்டியதில்லை. பாட்டினால் வரும் இலாபங்களில் இதுவும் ஒன்று.

இன்னொரு ஆராய்ச்சி கனடாவின் மொன்றியல் நகரத்தில் நடந்து 2016இல் வெளிவந்தது. ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தைகளைப் பிரச்சினை எதுவுமில்லாத நேரத்தில் இருத்தி, பேச்சையும் பாட்டையும் கேட்கச்செய்து, எவ்வளவு நேரம் சிணுங்காமல் இருக்கின்றார்கள் என்று பார்த்தார்கள். குழந்தையோடு கொஞ்சிப் பேசும் பேச்சுக்கு ஏறக்குறைய 4 நிமிடம். பாட்டுக்கு ஏறக்குறைய 9 நிமிடம். அந்தப் பாட்டு எந்த மொழியில் என்று நினைக்கின்றீர்கள்? பிரெஞ்சு பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு அவர்கள் கேட்டிராத துருக்கி மொழிப் பாட்டைப் போட்டிருந்தார்கள்! கொலோனில் வாழும் எமக்குத் துருக்கி மொழி அன்றாடம் காதில் விழுவது; அந்தக் குழந்தைகளுக்கோ அது முற்றிலும் புதிது. விளங்காத மொழியின் பாட்டே இவ்வளவு செய்யுமென்றால், பிள்ளை தொட்டிலிலிருந்தே கேட்டுப் பழகிய தாயின் தமிழ்ப் பாட்டு எவ்வளவு செய்யும்!

அதற்கும் ஓரளவு விடையுண்டு. நியூயோர்க்கைச் சேர்ந்த ஜோன் லோவி என்ற இசைச் சிகிச்சையாளரும் அவரது குழுவினரும், 11 வைத்தியசாலைகளில் மாதம் நிரம்பாமற் பிறந்த 272 குழந்தைகளைக் கவனித்து 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பாட்டைப் பாடாமல், ஒவ்வொரு குடும்பத்தாரும் தமக்குச் சொந்தமென்று கருதும் ஒரு பாட்டைத் தெரிவு செய்யச் சொல்லி, அதையே தாலாட்டாக மாற்றிப் பாடச் செய்தார்கள். குழந்தைகளின் இதயத்துடிப்பு அமைதிப்பட்டது, பாலுறிஞ்சுவது மேம்பட்டது என்பதோடு, பெற்றோரின் மனப்பதற்றமும் குறைந்ததாகக் கண்டார்கள். இந்தக் கடைசி விடயம் முக்கியமானது. பிள்ளை ஊசியைப் பார்ப்பதற்கு முன்னர் தாயின் முகத்தைத்தான் பார்க்கின்றது. தாய் பதறினால் பிள்ளையும் பதறும். பாடுகின்ற தாய் மூச்சை நிதானமாக விட்டே ஆகவேண்டும். அவளது மூச்சு நிதானப்பட முகமும் நிதானப்படும். அதைப் பார்த்துப் பிள்ளையும் ஆறும். இதில் மந்திரமுமில்லை, மாயமுமில்லை.

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தையும் மறைக்காமற் சொல்லவேண்டும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சத்திரசிகிச்சைக்கு வந்த 123 பிள்ளைகளிடம், மிடாசொலம் என்ற பயம் தணிக்கும் மருந்தையும் இசைச் சிகிச்சையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2004இல் வெளியான முடிவிலே மருந்துதான் வென்றது. மயக்கமருந்து கொடுக்கும் அந்தக் கணத்தில் இசையால் பெரிய பயன் காணப்படவில்லை. பெற்றோரைப் பிரிந்து சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் நுழையும் நேரத்தில் சில பிள்ளைகளுக்குப் பயன் கிடைத்தது. அதுவும் இசைச் சிகிச்சையாளர்களுள் ஒருவரிடம் இருந்த பிள்ளைகளுக்கே கிடைத்தது. மற்றவரிடம் இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதிலிருந்து நான் விளங்கிக்கொள்வது இரண்டு. ஒன்று, பாட்டு மருந்துக்குப் பதிலாகாது. மற்றது, எந்தப் பாட்டு என்பதைவிட யார் பாடுகின்றார் என்பது பெரிது.

ஆகவே வைத்தியர் மருந்து தருகின்றேன் என்றால் வேண்டாமென்று சொல்லாதீர்கள். தோலை விறைக்கச் செய்யும் களிம்பு உண்டு. எம்லா என்ற பெயரில் இங்குள்ள மருந்துக்கடைகளிற் கிடைக்கும். ஊசிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு முன் பூசினால் நோ குறையும். கைக்குழந்தைகளுக்குப் பூசுமுன் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். களிம்பும் இருக்கட்டும், பாட்டும் இருக்கட்டும். திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்திலே பதிகம் பாடிக் கொல்லிமழவனின் மகளுக்கு முயலகன் நோயைத் தீர்த்தார் என்று பெரியபுராணத்திற் படிக்கின்றோம். அது அருளாளர் செயல். அதனைக் காட்டி வைத்தியத்தை ஒதுக்குவது பக்தியுமன்று, புத்தியுமன்று. நாம் பாடுவது பிள்ளையின் கையைப் பிடிப்பதைப் போன்றது, அவ்வளவே.

இனி எமது நிலைமைக்கு வருவோம். 1983இன் பின்னர் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த எம்மவருட் பலர் உழைப்பிலேயே காலத்தைக் கழித்தவர்கள். மொழியை முறையாகப் படிக்க வாய்ப்புக் கிடையாதவர்கள். திருமணமாகிப் பிந்தி வந்த இளம் தாய்மாரின் நிலையும் அதுவே. வைத்தியசாலை அறையிலே தாதி சொல்வது தாய்க்கு முழுதாக விளங்குவதில்லை. பிள்ளைக்கு விளங்குகின்றது. ஏழு வயதுப் பிள்ளை, தனக்கு நடக்கப்போகும் சிகிச்சையைத் தானே தாய்க்கு மொழிபெயர்த்துச் சொல்கின்றது! பயப்பட வேண்டிய பிள்ளை பெரிய மனிதராக நிற்க, தேற்ற வேண்டிய தாய் மூலையில் நிற்கின்றாள். எமது சமூகத்தில் இது பரவலாக நடப்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். மொழிபெயர்ப்புக்கு உறவினரையோ நண்பரையோ ஒழுங்கு செய்வது எமது கடமை. பிள்ளையின் தலையில் அதைச் சுமத்தலாகாது. அப்படி ஒழுங்கு செய்துவிட்டால் தாய் தன் இடத்துக்குத் திரும்பலாம். பிள்ளையின் தலைமாட்டிலிருந்து பாடுவதற்கு எந்த மொழிப் பரீட்சையும் தேறவேண்டியதில்லை. அந்த அறையிலுள்ள எல்லோரிலும் அந்த வேலையைச் செய்யத் தகுதியுள்ளவர் அவர் ஒருவரே.

"வெள்ளைக்காரர் முன்னால் தமிழிற் பாடினால் என்ன நினைப்பார்கள்?" என்று வெட்கப்படுவோர் உளர். நாம் வாழும் ஊர் எது என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள் போலும். கொலோன் பாட்டுக்குப் பேர்போன ஊர். கார்னிவல் நாட்களிலே வங்கி முகாமையாளர் முதல் குப்பை வண்டிக்காரர் வரை வேடம் போட்டுக்கொண்டு, தமது ஊர்ப் பேச்சுமொழியிலே தெருத்தெருவாகப் பாடுகின்றார்கள். கார்த்திகை மாதத்திலே சென்ற் மார்ட்டின் நாளுக்குக் கையில் விளக்குக் கூடு பிடித்த பிள்ளைகளோடு பெற்றோரும் பாடிக்கொண்டு போகின்றார்கள். தம் ஊர்மொழிப் பாட்டுக்குச் சற்றும் வெட்கப்படாத மக்கள், எங்கள் மொழிப் பாட்டை ஏன் இகழப்போகின்றார்கள்? வேண்டுமானால் "டார்ஃப் இஷ் சிங்கன்?", அதாவது "நான் பாடலாமா?" என்று தாதியை ஒரு சொற் கேளுங்கள். வேலைக்கு இடைஞ்சலில்லாத இடத்திற் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். மறுத்தால் அதற்குக் காரணமிருக்கும், பணிந்துகொள்ளுங்கள்.

பாட்டுக்கு எம்மிடம் பஞ்சமா? தால் என்றால் நாக்கு. நாவை ஆட்டிப் பாடுவதாலே தாலாட்டு என்று பெயர் வந்ததென்பர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் தாலப்பருவம் என்று ஒரு பருவத்தையே அதற்கு ஒதுக்கினார்கள். நித்திரைக்கு நீலாம்பரி என்பது சங்கீதம் படியாதவருக்கும் தெரியும். பழைய பண்முறையில் அதனை மேகராகக்குறிஞ்சி என்பர். கருணாமிர்த சாகரம் என்ற பெரிய இசைநூலை 1917இல் வெளியிட்ட தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் தொழிலாற் சித்தவைத்தியர் என்பதும் நினைக்கத்தக்கது. ஊரிலே ஏணையை ஆட்டிக்கொண்டே பாட்டிமார் பாடியவை எத்தனை! அவற்றிற் பல ஏட்டில் இல்லை. பாடியவர்களின் நாவில் இருந்தன. அவர்களுள் எஞ்சியிருப்போர் இன்று எமது கோவில் மண்டபத்துச் சுவரோரம் கதிரைகளில் அமர்ந்திருக்கின்றார்கள். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

இங்கேதான் எமது சங்கத்திடம் என் வேண்டுகோள். எமது பிள்ளைகள் சனி ஞாயிறுகளிற் சங்கீதம் படிக்கின்றார்கள். நல்லது. ஆனால் படிப்பதெல்லாம் மேடைக்காகவே படிக்கின்றார்கள். கலைவிழாவுக்கு ஒரு பாட்டு, போட்டிக்கு ஒரு பாட்டு, அரங்கேற்றத்துக்குப் பல பாட்டு. பட்டுச்சேலைக்கும் மண்டபத்துக்கும் வீடியோக்காரருக்கும் ஆயிரமாயிரமாகச் செலவழிக்கின்றோம். அப்படிப் பாடிய பெண்பிள்ளை நாளைக்குத் தாயாகித் தன் குழந்தைக்குப் பாட நினைக்கும்போது, சபைக்குப் பாடும் கீர்த்தனை வாயில் வரும். மடியிலிருக்கும் குழந்தைக்குப் பாடும் நாலடி வராது. சங்கீதத்தைக் குறைசொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். மேடைக்குப் படிப்பதோடு மடிக்கும் கொஞ்சம் படியுங்கள் என்பதே என் கருத்து.

மாதத்தில் ஒருநாள், வகுப்பு நேரத்தில் அரைமணித்தியாலம் போதும். பாட்டிமார், பேத்திமார், இளம் தாய் தகப்பன்மார் எல்லோரையும் ஒன்றாக இருத்தி, ஐந்து வீட்டுப்பாட்டுகளைப் பழக்குங்கள். பாட்டிமார் பாடுவதை ஒலிப்பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். தகப்பன்மாரை விட்டுவிட வேண்டாம். வைத்தியக் காரணத்துக்காகப் பிள்ளையோடு வைத்தியசாலையில் தங்கும் பெற்றோருக்கு, பிள்ளை 12 வயதுக்குட்பட்டதாயின், சட்டபூர்வக் காப்புறுதியிலே வேலை இழப்புக்குரிய கொடுப்பனவு 2024ஆம் ஆண்டு முதல் உண்டு. "எனக்கு வேலை" என்று தாயிடம் எல்லாவற்றையும் விட்டுவிடும் காரணம் இதனாற் பலமிழந்துவிட்டது.

வீட்டிற் செய்யவேண்டியவை சில. பாட்டை ஊசியன்று முதன்முதலாகப் பாடாதீர்கள். சுகமாயிருக்கும் நாட்களில், குளிக்கவார்க்கும்போதும் நித்திரையாக்கும்போதும் பாடிப் பழக்குங்கள். ஊசியின்போது மட்டும் பாடினால் அந்தப் பாட்டே பிள்ளைக்கு ஊசியின் அறிகுறியாகிவிடும். முதல்நாள் உண்மையைச் சொல்லுங்கள்: "ஊசி போடுவினம், கொஞ்சம் நோகும், கெதியில முடிஞ்சிடும், அம்மா பக்கத்திலிருந்து பாடுவன்." தாதி தயாராக்கத் தொடங்குமுன் பாடத் தொடங்கி, ஊசி எடுத்தபின்னும் ஒரு முறை பாடி முடியுங்கள். மெல்லப் பாடுங்கள், தாதி சொல்வது உங்கள் காதிலே விழவேண்டும். பேசத் தெரிந்த பிள்ளையையும் சேர்ந்து பாடச் சொல்லுங்கள். பாடுகின்ற வாய் மூச்சைப் பிடித்து வைத்திருக்க முடியாது.

"எனக்குக் குரல் சரியில்லை" என்பவருக்கு ஒரு சொல். பிள்ளை சங்கீத விமர்சகரன்று. சுருதி பிசகினால் அது குறிப்பெழுதப் போவதில்லை. வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். பதின்மூன்று வயதுப் பையனுக்குத் தாலாட்டுப் பாடப்போனால் அவன் அறையைவிட்டே ஓடிவிடுவான்! அவன் விரும்பும் பாட்டை, அது சினிமாப் பாட்டாயினும் ஜேர்மன் பாட்டாயினும், அவனே தெரிவு செய்து காதிற் போட்டுக்கொள்ளட்டும். படம்பிடிக்கும் பெரிய குழாய் இயந்திரத்துக்குள் போகும் பிள்ளைகளுக்குக் காதுக்குக் கருவி மாட்டிப் பாட்டுப் போடும் வசதி பல வைத்தியசாலைகளில் உண்டு. முன்கூட்டியே கேட்டறிந்து பாட்டைக் கொண்டுபோங்கள்.

நாம் இந்த நாட்டிலே எமது பிள்ளைகளுக்குச் சேர்த்து வைப்பதற்காக இரவும் பகலும் உழைக்கின்றோம். வீடு, நகை, படிப்பு எல்லாம் வேண்டியவைதாம். ஆனாலும் வெண்ணிற விளக்கின் கீழே அந்நியர் நடுவிலே படுத்திருக்கும் பிள்ளைக்கு அவை எவையும் அந்த நேரத்தில் உதவமாட்டா. தெரிந்த குரலும் தெரிந்த பாட்டும் உதவும். அடுத்த பொதுக்கூட்டத்திலே இந்த அரைமணித்தியால வகுப்பைப் பற்றி ஒரு தீர்மானம் எடுக்குமாறு நிர்வாகசபையினரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன். பாட்டிமார் எம்மோடு இருக்கும்போதே இதைச் செய்துகொள்வோமாக.